0.1 சென்ட் துல்லியமும் ஒரு குட்டிப் பட்டனும்

கிட்டார் வாங்க எனக்கு ஒரு நாள்தான் ஆனது. அதற்குச் சுருதி சேர்க்க உதவும் ட்யூனர் வாங்க இரண்டு வாரம்.

அதுவரை போனில் ஒரு ஆப்பை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது மைக் வழியாகக் கேட்பது, அதனால் காதில் விழுவதையெல்லாம் கேட்கும். நான் கம்பியைத் தட்டுவேன், பக்கத்து அறையில் மகள் வயலினை இழுப்பாள், நடுவில் முள் பாவம், யார் பக்கம் சாய்வதென்று தெரியாமல் ஆடும். ஒருநாள் அசையாமல் நட்டநடுவில் நின்றது. ஆஹா, சேர்ந்துவிட்டது என்று பார்த்தால் அது அவளுடைய ஏ கம்பி!

சரி, கிட்டாரின் தலைப்பக்கம் கவ்வுகிற கிளிப் ட்யூனர்தான் நமக்கு என்று முடிவாயிற்று. அதற்குக் காது கிடையாது, மரத்தின் அதிர்வைத்தான் உணரும், பக்கத்தில் யானை பிளிறினாலும் கண்டுகொள்ளாது. அதிலும் கிட்டாருக்கு மட்டும் என்றால் ஆறு கம்பிகளைத் தாண்டி யோசிக்காது; க்ரோமாட்டிக் என்றால் பன்னிரண்டு ஸ்வரமும் தெரியும், மகளும் வயலினுக்கு வைத்துக்கொள்ளலாம். இத்தோடு வாங்கியிருக்கலாம். ஆனால் அப்புறம் மூன்று நாள், கிட்டாரிலிருந்து வயர் இழுத்துக் காலடியில் வைக்கிற பெடல் ட்யூனர்களைப் பற்றிப் படித்தேன், என் கிட்டாரில் வயர் செருக ஓட்டையே இல்லை என்பது நான்காம் நாள் உறைத்தது.

கடைசியில் துல்லியத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பன்னிரண்டில் ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் சென்ட். ஒரு ட்யூனர் ஒரு சென்ட் வரை சரியாகக் காட்டும், இன்னொன்று 0.1 சென்ட் வரை. ஐந்து சென்ட் தவறினாலே என் காதுக்குத் தெரியாது, ஆனாலும் மனசு கேட்கவில்லை, 0.1 தான் வாங்கினேன்.

ஒரு மாதம் ராஜ வாழ்க்கை. அப்புறம் நண்பன் கீபோர்டோடு வந்தான். சேர்ந்து வாசித்த முதல் கார்டிலேயே (chord) இரண்டு பேரும் முகத்தைச் சுளித்தோம். "உன் கீபோர்டைப் பாருடா, என்னுது பாயின்ட் ஒன் சென்ட்!" என்றேன். அவனும் நம்பி, கீபோர்டின் மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸை ஒரு படி இறக்கினான், இப்போது நான் மேலே. பழையபடி வைத்தான், நான் கீழே. சண்டை முற்றும் நேரத்தில் மகள் வந்து ட்யூனரை எட்டிப் பார்த்து, "அப்பா, இதுல ஏன் 430னு இருக்கு?" என்றாள்.

ஏ ஸ்வரம் எத்தனை ஹெர்ட்ஸ் என்று மாற்றுவதற்கு ஒரு குட்டிப் பட்டனாம். இருக்க வேண்டியது 440. கிளிப்பை மாட்டும்போதெல்லாம் என் கட்டைவிரல் சரியாக அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, தினம் ஒன்றோ இரண்டோ இறங்கி, அதற்குக் கீழே போக வழியில்லாமல் 430இல் நின்றிருக்கிறது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட நாற்பது சென்ட். ஆறு கம்பியும் ஒரே அளவுக்கு இறங்கியதால் தனியாக வாசிக்கும்போது எனக்குத் தேனாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் நண்பன் வந்ததும் கீபோர்டைத் திறப்பதில்லை. நேராக மகளிடம் போய், "இன்னைக்கு அப்பா எத்தனைல இருக்கார்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறான்.