ஒரு கரண்டிப் பால்

சென்ற பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் ஒன்றரை லிட்டர் பால் அடுப்பிலேயே திரிந்து போனது. விருந்தினர் வந்திருந்த அவசரத்தில், அன்று காலை வாங்கிய அரை லிட்டர் பாக்கெட்டோடு முந்தைய நாள் மிஞ்சியிருந்த இரண்டையும் வெட்டி ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிட்டேன். ஊற்றுவதற்கு முன் பழைய பாலை முகர்ந்தும் பார்த்தேன். வாடை எதுவும் இல்லை. பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருந்த தேதியும் தாண்டவில்லை. ஆயினும் பொங்கி வரவேண்டிய பால் ஓரங்களில் பூப்பூவாகத் திரண்டு, நடுவில் தண்ணீராகப் பிரிந்து நின்றது. "பழைய பாலையும் புதுப் பாலையும் சேர்த்துக் காய்ச்சாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பை அணைத்தார்.

மூக்கு ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்று யோசித்தபோதுதான் இதிலுள்ள சூட்சுமம் புரிந்தது. புதிய பசும்பாலின் கார அமில அளவு (pH, புளிப்பு கூடக் கூடக் குறையும் எண்) ஏறத்தாழ 6.6 முதல் 6.8 வரை இருக்கும். பாலிலுள்ள சர்க்கரையை நுண்ணுயிரிகள் உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்க உண்டாக்க இந்த எண் இறங்கிக்கொண்டே வரும். குளிர்ந்த நிலையில் இருக்கும் பால் 4.6 என்ற அளவை நெருங்கினால்தான் தயிராக உறையும். ஆனால் அதே பாலைக் கொதிநிலைக்குக் கொண்டு போனால், அளவு 6-க்குச் சற்று மேலே இருக்கும்போதே அதன் புரதம் தாக்குப்பிடிக்காமல் திரண்டுவிடும். ஆகவே குளிர்ச்சியாக இருக்கும்வரை பார்வைக்கும் மூக்குக்கும் நல்ல பாலாகவே தெரிவது, சூடு ஏறியதும் தன் உண்மை வயதைக் காட்டிவிடுகிறது. அன்று பழைய பாலிலிருந்த புளிப்பு புதுப் பாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டது.

இதற்கு எளிய பரிகாரம், சந்தேகமான பாலில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துத் தனியே கொதிக்க வைத்துப் பார்ப்பதுதான். பால் பண்ணைகளிலும் இதையேதான் செய்கிறார்கள்: சோதனைக் குழாயில் சிறிதளவு பாலை ஊற்றி, கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் நிறுத்தி, திரிகிறதா என்று பார்க்கிறார்கள். லாக்டோமீட்டரை இந்த வேலைக்கு நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாலின் அடர்த்தியை அளந்து தண்ணீர் கலந்ததா என்பதற்குக் குறிப்புத் தருமே தவிர, பால் எப்போது கறந்தது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாக்கெட் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 நொடிகள் சூடாக்கி உடனே குளிர்விக்கிறார்கள். நோய் பரப்பும் கிருமிகளை அழிக்க அது போதும். எல்லா நுண்ணுயிரிகளும் அதில் மடிவதில்லை. பண்ணையிலிருந்து நம் வீடு வரை பால் குளிர்ச்சி குறையாமல் வந்து சேரும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தேதி அச்சிடப்படுகிறது. விடியற்காலையில் லாரியிலிருந்து இறங்கும் டப்பாக்கள் கடை வாசலில் எட்டு மணி வெயில் வரை கிடந்தால், அந்தத் தேதிக்கு என்ன பொருள்? வெதுவெதுப்பான சூழலில் நுண்ணுயிரிகள் அரை மணிக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகக்கூடியவை. அதனால் நான் இப்போதெல்லாம் தேதியைப் பார்ப்பதற்கு முன் பாக்கெட்டைக் கையில் வாங்கிக் குளிர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கிறேன். உப்பியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் செருகாமல், 4 டிகிரியை ஒட்டிக் குளிர் நிற்கும் உள்தட்டில் வைக்கிறேன். நாளெல்லாம் திறந்து மூடும் கதவுதான் அந்தப் பெட்டியிலேயே சூடான இடம்.

பதப்படுத்திய பாலை மறுபடி காய்ச்ச வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, குளிர்ச்சி அறுபடாமல் வந்த பாலென்றால் தேவையில்லை, நம் ஊர்க் கடைகளை நினைத்தால் காய்ச்சிவிடுவதே மேல் என்பதுதான் என் பதில். ஆனால் காய்ச்சிய பிறகு செய்கிற தவறு பெரிது. அந்தக் காலத்தில் வரட்டி நெருப்பில் மண்சட்டியை வைத்துப் பகல் முழுவதும் பாலைச் சுண்டவிடுவார்கள். சூடு தணியாததால் அது கெடவில்லை. நாமோ ஒருமுறை காய்ச்சி அடுப்பு மேடையிலேயே வெதுவெதுப்பாக விட்டுவிடுகிறோம். கொதிக்கும் சூட்டையும் தாங்கி உறங்கும் நுண்ணுயிரி வித்துகள் விழித்து வளர அதைவிட வசதியான சூடு கிடையாது. பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி விரைவாக ஆற்றி உள்ளே வைத்துவிட்டால், எங்கள் வீட்டு அனுபவத்தில் இரண்டு நாள் தாங்கும். சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் மதியம் தாண்டுவதே கடினம்.

கரண்டிச் சோதனையும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பல நாள் குளிரிலேயே கிடந்த பாலில் புளிக்கவைக்கும் நுண்ணுயிரிகள் சோம்பிக் கிடக்க, குளிரை விரும்பும் வேறு வகைகள் பெருகுகின்றன. அவை சுரக்கும் நொதிகள் கொழுப்பையும் புரதத்தையும் உடைப்பதால் பால் புளிக்காமலேயே கசக்கும், சில வேளை சோப்பு போன்ற ஒரு சுவையும் வரும். அத்தகைய பால் சில சமயம் திரியாமலே நன்றாகப் பொங்கும். அங்கே ஒரு சொட்டு நாக்கில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மறுபுறம், திரிந்ததெல்லாம் கெட்டதும் அல்ல. கன்று ஈன்றவுடன் கறக்கும் சீம்பாலில் புரதம் மிகுதியாக இருப்பதால் சூட்டில் இறுகுவது அதன் இயல்பு; வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து அதை ஆசையோடு உண்கிறோம். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டதால் திரிந்த பாயசத்துக்கும் பால்காரர் மேல் பழி இல்லை; வெல்லப்பாகு ஆறிய பிறகு பாலைச் சேர்த்திருக்க வேண்டும்.

அன்று திரிந்ததில் சர்க்கரை போட்டுத் திரட்டுப்பால் கிளறிவிடலாம் என்றார் அம்மா. புதுப் பால் எலுமிச்சைச் சாறு பட்டுத் திரிந்திருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். தானாகத் திரிந்த பாலில் என்ன வளர்ந்திருந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சில நுண்ணுயிரிகள் விட்டுச் செல்லும் நஞ்சு கொதித்தாலும் போகாது. பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மரத்தடியில் ஊற்றினேன். விருந்தினர் கருப்பட்டிக் காபி குடித்தார்கள். அம்மா மட்டும், ஒன்றரை லிட்டர் பால், ஒன்றரை லிட்டர் பால் என்று அன்று மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார்.