மேஜரைத் தேர்ந்தெடுக்கும் முதலாண்டு: கடைசி ஆண்டுப் பாடங்களிலிருந்து தொடங்குங்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முதலாண்டு மாணவர்களோடு பாடப் பதிவுக்கு உட்காரும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி இது: உங்கள் மேஜரை, அதாவது பட்டத்தின் முதன்மைத் துறையை, யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? யுபியு என்ற மத்திய சேர்க்கை முறை வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாய்ப்புக் கடிதத்திலேயே துறை முடிவாகியிருக்கும். அவர்கள் கையில் மிஞ்சுவது துறைக்குள் சிறப்புப் பிரிவு, மைனர் (துணைத் துறை), இல்லாவிட்டால் துறை மாற்ற விண்ணப்பம். தனியார் கல்லூரிகளில் வணிகம், கணினி போன்ற பட்டப்படிப்புகளுக்குப் பல இடங்களில் முதலாண்டு பொதுவானது. பிறகுதான் நிதி, சந்தைப்படுத்தல், மென்பொருள், தரவு அறிவியல் என்று பிரிவார்கள். போதிய மாணவர்கள் சேராவிட்டால் ஒரு பிரிவை அந்த ஆண்டு திறக்காமலே விடுவதும் உண்டு. விளம்பரத் தாளில் அது இருக்காது; துறை அலுவலகத்தில் கேட்டால்தான் தெரியும்.

அடுத்த வேலை, பட்டத்தின் பாடங்களையும் விதிகளையும் சொல்லும் கையேடு. நீங்கள் சேர்ந்த ஆண்டுக்கான கையேடுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். சீனியர் அனுப்பும் பழைய பிடிஎஃபை நம்பாதீர்கள்; பாடக் குறியீடும் முன்தேவையும் (ஒரு பாடத்துக்கு முன் தேறியிருக்க வேண்டிய பாடம்) மாறியிருக்கலாம். கையேட்டில் முதலாண்டுப் பக்கத்தை விட்டுவிட்டு நேராகக் கடைசி இரண்டு ஆண்டுகளின் பாடப் பட்டியலுக்குப் போங்கள். அந்தப் பாடங்களைத்தான் நீங்கள் உண்மையில் படிக்கப் போகிறீர்கள். முதலாண்டு அறிமுகப் பாடம் இனித்தது என்பதற்காக ஒரு மேஜரை எடுத்தவர்கள், மூன்றாமாண்டில் எதிர்பாராத கணக்கையும் ஆய்வுமுறையையும் பார்த்துத் திணறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். உளவியலில் புள்ளியியல் உண்டு. பொருளியலில், பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் எக்கோனோமெட்ரிக்ஸ் உண்டு. தரவு அறிவியலின் அடியில் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் இருக்கின்றன.

இப்போது ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கடைசி ஆண்டுப் பாடம் ஒன்றிலிருந்து பின்னோக்கி அம்புக்குறி போடுங்கள். இயந்திரக் கற்றலுக்கு முன் நிகழ்தகவும் தரவுக் கட்டமைப்பும். தரவுக் கட்டமைப்புக்கு முன் நிரலாக்கம். எக்கோனோமெட்ரிக்ஸுக்கு முன் புள்ளியியல்; அதற்கு முன் அடிப்படைக் கணிதம். ஒவ்வொரு பாடத்தின் பக்கத்திலும் அது எந்த செமஸ்டரில் நடத்தப்படுகிறது என்று எழுதுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். முன்தேவைப் பாடம் பல துறைகளில் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். முதல் செமஸ்டரில் அதை எடுக்காமலோ அதில் தேறாமலோ விட்டால், அடுத்த வாய்ப்பு 12 மாதம் கழித்து. அதன் பின்னால் வரிசையில் நிற்கும் மூன்று நான்கு பாடங்களும் சேர்ந்து தள்ளிப்போகும். ஒரு பாடத்தால் பட்டம் ஓராண்டு தாமதமாவது இப்படித்தான்.

இரண்டு மேஜர்களுக்கு நடுவில் ஊசலாடுகிறீர்களா? இரண்டுக்கும் இரண்டு தாள் போடுங்கள். இரண்டிலும் வரும் பாடங்களை முதலில் பதிவு செய்யுங்கள். அநேகமாகப் புள்ளியியலோ கணிதமோ நிரலாக்கமோ அதில் இருக்கும். மீதி இடத்தை எம்பியூ எனப்படும் பொதுப் பாடங்களால் நிரப்பலாம். அவை கட்டாயப் பாடங்கள். அதே பல்கலைக்கழகத்துக்குள் துறை மாறினாலும் வீணாகாது. தனியார் கல்லூரியில் இருப்பவர்கள், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் மலாய்மொழிக்குக் கிரெடிட் தேர்ச்சி இல்லையென்றால் எடுக்க வேண்டிய பஹாசா கெபாங்சான் ஏ (தேசிய மொழிப்) பாடத்தையும் இப்போதே முடித்துவிடுவது நல்லது.

தொழில் உரிமம் தேவைப்படும் துறையென்றால் மேஜரின் பெயரை நம்பி முடிவெடுக்கவே கூடாது. பொறியியலும் பொறியியல் தொழில்நுட்பமும் பெயரில் ஒட்டிப் பிறந்தவை, பாதை வேறு. பொறியியல் பட்டத்துக்கு இஏசி (பொறியியல் அங்கீகார மன்றம்) அங்கீகாரம் இருந்தால் பட்டதாரிப் பொறியாளராக மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதியலாம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானதால் வெளிநாட்டிலும் அதற்கு மதிப்புண்டு. பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் பொதுவாக 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தொழில்நுட்பர் வாரியத்துக்குக் கொண்டுபோகும். அதுவும் மதிப்பான பாதைதான். ஆனால் தொழில்முறைப் பொறியாளர் ஆக வேண்டும் என்று கனவு காண்பவர் தெரியாமல் அதில் நுழையக் கூடாது.

உளவியல் இளங்கலை முடித்தால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. அதற்குரிய முதுகலை வேண்டும். ஆலோசகராகப் பணிபுரிய 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும்; உளவியல் பட்டம் மட்டும் அந்தப் பதிவைத் தராது. கணக்கியல் படிப்பவர்கள், கணக்காளராகப் பதிய, தங்கள் பட்டம் 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் படிப்புகளை அங்கீகரிக்கும் எம்க்யூஏவின் இணையப் பதிவேடான எம்க்யூஆரில் தங்கள் பட்டத்தைத் தேட ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். குறியீட்டில் எஃப்ஏ என்றிருந்தால் முழு அங்கீகாரம். பிஏ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். அடைப்புக்குறிக்குள் உங்கள் சிறப்புப் பிரிவின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில கல்லூரிகளில் பிரிவின் பெயர் வகுப்பறையோடு சரி, பட்டச் சான்றிதழில் வராது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் கிடைக்காது.

மதிப்பெண் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை. நாமே போட்டுப் பார்க்க வேண்டும். பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாட அளவு), முதலாண்டில் 32 கிரெடிட், 4.00-க்குக் கணக்கிடும் மொத்தச் சராசரியான சிஜிபிஏ 2.60 என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் 3.00 எட்ட, மீதி 88 கிரெடிட்டில் சராசரி 3.15 வேண்டும், முடியக் கூடியதுதான். பல பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பின் எல்லையான 3.67 எட்ட 4.06 வேண்டும், அது நடக்காது. முதலாண்டில் 3.00 இருந்தால் அதே 3.67-க்கு 3.91 வேண்டும். முதல் வகுப்புக்குப் பிடிபிடிஎன் கடன் விலக்கு நிபந்தனைகளோடு கிடைக்கக்கூடும் என்பதால் இது குடும்பத்தின் பணக்கணக்கும்கூட. பிடிக்காத துறையில் "இன்னும் ஒரு செமஸ்டர் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுவதன் விலை இந்த எண்களில் தெரியும். துறை மாற்ற விண்ணப்பத்தையும் இதே சிஜிபிஏவை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். ஆகவே போக நினைக்கும் துறைக்காக, இருக்கும் துறையில் நன்றாகப் படித்தே ஆக வேண்டும்.

துறை மாற்றத்துக்கு இரண்டு பக்கமும் சம்மதிக்க வேண்டும்: விடும் துறை, சேரும் துறை. சேரும் துறையில் காலியிடம் இருக்கிறதா, எஸ்பிஎம்மிலோ, பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் அல்லது மெட்ரிகுலேஷனிலோ எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்று விண்ணப்பத்துக்கு முன்பே விசாரியுங்கள். நுழைவுத் தகுதியில் வேதியியல் கேட்டால், பல்கலைக்கழகத்தில் எவ்வளவு உயர்ந்த சிஜிபிஏ எடுத்திருந்தாலும் அது வேதியியலுக்கு ஈடாகாது. வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் கேட்டு வாங்கிச் சேமித்து வையுங்கள். கிரெடிட் மாற்றத்துக்குக் குறைந்தது சி கிரேடும், பாட உள்ளடக்கத்தில் 80 விழுக்காடு ஒற்றுமையும் பார்ப்பார்கள். தலைப்பு ஒன்றாக இருப்பது போதாது. இடத்தையும் யோசியுங்கள். யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) அறிவியல் துறைகள் பினாங்குத் தீவின் மிண்டன் வளாகத்தில். பொறியியல் வளாகம் கடல்தாண்டி நிபோங் திபாலில். மருத்துவம் கிளந்தான் குபாங் கெரியானில். மாற்றம் கிடைத்தால் விடுதி, பேருந்து, செலவு எல்லாம் மாறும்.

வீட்டில் பேசும்போது "எனக்கு இதில் ஆர்வமில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். அப்பா அம்மாவுக்கு அந்த வரி பயத்தைத்தான் கொடுக்கும். நீங்கள் போட்ட அம்புக்குறித் தாள், பதிவேட்டுப் பக்கம், கூடுதலாக எத்தனை செமஸ்டர், அதற்கு எவ்வளவு செலவு என்ற கணக்கு, இவற்றை மேசையில் வைத்துப் பேசுங்கள். பிள்ளை யோசித்துத்தான் வந்திருக்கிறது என்று புரிந்தால் பெரும்பாலான பெற்றோர் இறங்கி வருவார்கள்.

ஒப்புதல் கிடைத்ததும் எழுத்துபூர்வமான கடிதம் வாங்குங்கள். மாணவர் தளத்தில் துறைப் பெயரும் பாடக் கட்டமைப்பும் மாறியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள்; பழைய கட்டமைப்பிலேயே பாடங்களைப் பதிந்தால் புதிய மேஜருக்கு அவை எண்ணப்படாமல் போகலாம். பிடிபிடிஎன் பெறுபவர்கள் மாற்றத்தை அங்கேயும் உடனே தெரிவிக்க வேண்டும். தாமதமானால் செமஸ்டர் தொடங்கிய பிறகும் பணம் வராமல் நிற்கும். பிறகு புதிய துறையின் கல்வி ஆலோசகரைப் பார்த்து, மாற்றப்பட்ட கிரெடிட்டுகளைக் குறித்த புதிய அம்புக்குறித் தாளில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பாடப் பதிவுக்கு உட்காருங்கள்.