தலை திரும்பியது, கால் நின்றது

வீடியோ அறையில் இருப்பவர் ஆட்டத்தை வெட்டித் தரலாம், அதன்மேல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வேலையில் யாரும் எழுதிவைக்காத கட்டுப்பாடு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்.எச்.எல்.-இன் அணி ஒன்றுக்கு ஆட்களைத் தயார்செய்து அனுப்பும், அதற்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல். லீக்கின் அணியில் சேர்ந்தபோது அந்தக் கட்டுப்பாட்டை நான் விரும்பியே ஏற்றுக்கொண்டேன். நான் மென்பொருள் வழியாக இந்த வேலைக்கு வந்தவன். சென்னையில் வளர்ந்தவனுக்குப் பனித்தரையில் விழாமல் ஒரு சுற்று வருவதே நடுவயதில் கற்ற வித்தை. முழு வேகத்தில் வருபவனின் இடியை உடம்பில் ஒருமுறைகூட வாங்காத ஒருவன் வாயை மூடிக்கொண்டிருப்பது அடக்கம் என்றே நினைத்திருந்தேன். இருபது வயதுத் தடுப்பாட்டக்காரன் ஒருவனின் விஷயத்தில் அது அடக்கமாக இருந்ததா, வெறும் வசதியாக இருந்ததா என்று என்னால் இன்னும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பயிற்சியாளர் அன்று சொன்னது ஒரே வரி: "இவனுக்கு ஆட்டத்தைப் படிக்கத் தெரியவில்லை." திரையில் ஓடிய கிளிப்கள் எல்லாம் ஒரே சாயலில் இருந்தன. எதிரணி பக்கை, அதாவது ஆட்டத்தின் ரப்பர் வட்டை, மூலைக்கு அடிக்கிறது. அவன் திரும்பி அதை நோக்கிப் போகிறான். எட்டுவதற்குச் சற்று முன்னால் அவன் வேகம் குறைகிறது. எதிரணி ஆள் முந்திக்கொண்டு பக்கைத் தொட்டுவிடுகிறான். "போகும்போது திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனான்," என்று மெதுவாகச் சொன்னேன். "பார்த்து என்ன செய்தான்?" என்று பயிற்சியாளர் கேட்டார். அதற்குச் சரியான விடை அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். நான் அடுத்த கிளிப்பை ஓடவிட்டேன்.

அதற்கு முந்தைய வாரம், பயிற்சி முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அவன் வீடியோ அறைக்கு வந்திருந்தான். தன் ஆட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவனுக்கு வழக்கம்தான். டிசம்பரில் மூலையில் பக்கை எடுக்கக் குனிந்தபோது பின்னாலிருந்து விழுந்த இடியில் பலகைச் சுவரில் மோதி, இடது தோள்மூட்டு விலகி, சில வாரங்கள் வெளியே இருந்து, மருத்துவர் அனுமதித்த பின் திரும்பியிருந்தான். திரும்பி வந்தபின் ஆடியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினேன். ஓரிடத்தில் அவனே நிறுத்தச் சொன்னான்.

"இங்கே நான் ஏன் நின்றேன் என்று உங்களுக்குத் தெரிகிறதா?"

"அவனை முதலில் வரவிட்டுச் சுவரோடு அழுத்தலாம் என்று நினைத்தாய் போலிருக்கிறது."

"இல்லை. அவன் வருவது தெரிந்தது, எவ்வளவு தூரத்தில் வருகிறான் என்பதும் தெரிந்தது. நான் முதலில் தொட்டால் இடிப்பான். அதனால் அவனையே தொடவிட்டேன்."

சிறிது நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதைப் பயிற்சியாளரிடம் சொல்லமாட்டீர்கள் அல்லவா?" என்றான். "கேட்டால் கிளிப்பைக் கொடுப்பேன், நீ சொன்னதைச் சொல்லமாட்டேன்," என்றேன். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அந்த நேரத்தில் அது மிக நேர்மையான பங்கீடாகவே எனக்குத் தோன்றியது. கிளிப் அணியின் சொத்து. சொன்ன சொல் அவனுடையது. அவரவருடையதை அவரவருக்குக் கொடுத்துவிட்டால் என் கை சுத்தம் என்று எண்ணினேன். சொல்லைப் பிரித்துவிட்டுக் கிளிப்பை மட்டும் கொடுத்தால் அந்தக் கிளிப் வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அல்லது உறைத்தும், அந்தக் கதைக்கு நான் பொறுப்பில்லை என்று வைத்துக்கொண்டேன்.

தடுப்பாட்டக்காரனின் வேலையில் அரங்கில் அமர்ந்திருப்பவர் கவனிக்காத பகுதி இந்த மூலைக்குப் போகும் வேலைதான். எதிராளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய், பக்கை எடுத்து, இடி விழுவதற்குள் அதைத் தன் அணியின் ஆள் ஒருவனிடம் சேர்த்துவிட வேண்டும். முன்பெல்லாம் ஜோடியாக ஆடும் மற்றத் தடுப்பாட்டக்காரன், துரத்தி வருபவனின் வழியில் உடம்பை வைத்தும் மட்டையால் கொக்கி போட்டும் ஒரு நொடியோ இரண்டு நொடியோ சம்பாதித்துக் கொடுப்பான். 2004-05 பருவம் முழுவதும் அணி உரிமையாளர்களின் கதவடைப்பில் போய், 2005-இல் என்.எச்.எல். மீண்டும் தொடங்கியபோது, அப்படி வழிமறிப்பதையும் இழுப்பதையும் நடுவர்கள் கண்டிப்புடன் தண்டிக்கத் தொடங்கினார்கள். ஆட்டம் வேகமெடுத்தது, பார்க்கவும் அழகானது. அந்த அழகுக்கான விலையில் ஒரு பங்கை மூலைக்குப் போகிறவன் தன் முதுகால் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல்கோட்டுக்கு அப்பால் அடித்துவிடும் ஐசிங்கின்போது, அதை முதலில் தொடக் கடைசிச் சுவர்வரை இருவர் பந்தயம் விட்டு எலும்பை முறித்துக்கொண்டதால் 2013-இல் என்.எச்.எல். விதியை மாற்றியது; அதற்கு முன்னாலேயே இருக்கும், ஆட்டத்தை மறுபடி தொடங்கும் ஃபேஸ்ஆஃப் புள்ளியை யார் முதலில் எட்டுவார் என்று பார்த்தே விசில் ஊதிவிடுகிறார்கள். ஆனால் நடுக்கோட்டைத் தாண்டிவந்து மூலைக்கு அடிக்கப்படும் பக்குக்கு அந்த விசிலின் பாதுகாப்பு கிடையாது. அவன் தோள் விலகியது அப்படிப்பட்ட ஒரு பக்குக்காகத்தான்.

இதை வைத்துத்தான் அவன் சொன்னது உண்மை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆட்டத்தைப் படிக்கத் தெரியாத தடுப்பாட்டக்காரனின் கிளிப் வேறு மாதிரி இருக்கும். அவன் தலை திரும்பாது. திரும்பினாலும் தவறான தோளுக்கு மேல் திரும்பும். துரத்துபவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறான் என்பது தெரியாமல் முழு வேகத்தில் போய் இடி வாங்குவான். இவன் தன் அணியின் பகுதி தொடங்கும் நீலக்கோட்டருகே ஒருமுறை இடது தோளுக்கு மேல் பார்க்கிறான். பக்குக்கு இரண்டு எட்டு இருக்கும்போது வலது தோளுக்கு மேல் மறுபடி பார்க்கிறான். அதன் பிறகே கால் தயங்குகிறது. துரத்துபவன் தூரத்தில் இருந்த கிளிப்களில் அந்தத் தயக்கம் இல்லவே இல்லை. பக்கை எடுத்த கையோடு, சுற்றிவளைக்காமல், நடுவில் நிற்கும் சென்டர் ஆட்டக்காரனின் மட்டைக்கே அனுப்பியிருக்கிறான். அதாவது, இடி விழுமா விழாதா என்பதை அவன் ஒவ்வொரு முறையும் சரியாகவே கணித்திருக்கிறான். விடை தெரிந்தும் கை நடுங்கி எழுதாமல் வந்த மாணவனுக்குக் கணக்கே வராது என்று அறிக்கை எழுதுவதைப் போலத்தான் பயிற்சியாளரின் அந்த வரி அமைந்துவிட்டது.

அந்த வரியின் கனம் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. கால் மெதுவென்றால் ஸ்கேட்டிங் பயிற்சியாளரிடம் அனுப்புவார்கள்; உடம்பு போதாதென்றால் கோடை முழுவதும் எடை தூக்கவைப்பார்கள். படிக்கத் தெரியாது என்று எழுதிவிட்டால் அதற்கு வைத்தியம் இல்லை என்பது இந்தத் தொழிலின் நம்பிக்கை. தடுப்பாட்டக்காரனை எடைபோட 200 ஆட்டங்கள் வேண்டும், 300 வேண்டும் என்றெல்லாம் பயிற்சியாளர்கள் சொல்வது உண்டு, அதற்குச் சான்றுகளும் உண்டு. இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் ஆண்டுத் தேர்வில் 1989-இல் 53-ஆவதாகத் தேர்வான நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வென்றவர். முதன்முறை வென்றது 2001-இல், 31 வயதில். 2002-இல் 54-ஆவதாகத் தேர்வான டங்கன் கீத், நார்ஃபோக் நகரின் ஏ.எச்.எல். அணியில் இரண்டு முழுப் பருவங்கள் ஆடிய பிறகே மேலே போனார். மார்க் ஜியோர்டானோவை எந்த அணியும் தேர்வு செய்யவே இல்லை. இடையில் ஒரு பருவம் மாஸ்கோவில் போய் ஆடினார். 2019-இல் 35 வயதில் நாரிஸ் கோப்பையை வாங்கினார். கேல் மகார் போலப் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே பருவ முடிவின் கோப்பைச் சுற்றான பிளேஆஃப் ஆட்டத்தில் இறங்கி, அந்த முதல் ஆட்டத்திலேயே கோல் அடிப்பவர்கள் அபூர்வம்.

இந்தப் பெயர்களை நான் அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர்களுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்களுடைய கண்ணை நம்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இவனுடைய கண்ணின் மீதே கேள்வி விழுந்துவிட்ட பிறகு யார் காத்திருப்பார்கள்? மேலும், இருபது வயதில் ஒருவன் போடும் தொடக்க ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கானது. ஏ.எச்.எல். பருவத்துக்கு 72 ஆட்டங்கள். மூன்று பருவங்களிலும் ஒன்றுவிடாமல் ஆடினாலே 216தான். தோள் விலகியவனுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. பொறுமை வேண்டும் என்று சொல்லும் அதே தொழில், பொறுமைக்கு இடமில்லாமல்தான் ஒப்பந்தத்தை எழுதியிருக்கிறது.

அப்படியானால் பேசியிருக்க வேண்டுமா? பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? "அவனுக்கு ஆட்டம் நன்றாகவே புரிகிறது, பயப்படுகிறான்" என்றுதானே? உடை மாற்றும் அறையில் அந்தச் சொல் விழுந்தால் அது அங்கேயே நிற்காது. உடைந்த பல்லை மேசையில் வைத்துவிட்டு அடுத்த ஷிஃப்ட்டுக்கு இறங்குவதைப் பெருமையாகப் பேசும் உலகம் இது. 2010 பிளேஆஃபில் பக் பட்டு ஏழு பற்களை இழந்த கீத் அதே ஆட்டத்தில் திரும்ப வந்து ஆடியதை எந்த இளைஞனுக்கும் யாராவது சொல்லிக்காட்டாமல் இருப்பதில்லை. அங்கே பயந்தவன் என்ற பெயர், படிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிட இலகுவானது என்று யாரால் உறுதி கூற முடியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, சொல்லமாட்டேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். இப்படி அடுக்கிப் பார்க்கும் இரவுகளில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

தூக்கம் வராத இரவுகளில் நினைவுக்கு வருவது, மூன்றாவது வழி ஒன்று இருந்தது என்பதுதான். பயம் என்ற சொல்லைத் தொடாமலே, "தலை இரண்டுமுறை திரும்புகிறது, பாருங்கள், துரத்துபவன் தூரத்தில் இருக்கும் கிளிப்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்," என்று சொல்லியிருக்கலாம். வாக்கு மீறியதாகாது. பயிற்சியாளர் கூர்மையானவர், மீதியை அவரே கண்டுபிடித்திருப்பார். அதனால்தான் சொல்லவில்லையோ என்றும் தோன்றுகிறது: அவர் கண்டுபிடித்துவிட்டால் நான் காட்டிக்கொடுத்ததாகத்தானே ஆகும்? அதோடு, ஸ்கேட் கட்டி ஆடியே இராத நான், முன்னாள் ஆட்டக்காரர்கள் நிறைந்த அறையில் "இங்கே பாருங்கள்" என்று தொடங்குவதற்கே கூசினேன் என்பதும் உண்டு. எது எத்தனை பங்கு என்று எனக்கே பிடிபடவில்லை.

சில பருவங்கள் கழித்து, ஏறக்குறைய அதே நிலையில் இன்னொரு இளைஞன் வந்தான். அவன் என்னிடம் எதையும் நம்பிச் சொல்லவில்லை. நானாகவே கிளிப்களை இரண்டு வரிசையாகப் பிரித்துத் துணைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் நன்றாகத்தான் கையாண்டார். அனுபவமுள்ள ஒருவரை ஜோடியாகப் போட்டார். இடி வருவதற்கு முன்பே சுவரோடு உடம்பை ஒட்டி அதை வாங்கிக்கொள்ளும் முறையைத் தினமும் பழக்கினார். பையன் தேறினான். ஆனால், அதற்குக் காரணமான கிளிப்களைப் பிரித்தவன் யார் என்று தெரிந்த நாளிலிருந்து அவன் வீடியோ அறைக்குத் தனியாக வருவதை நிறுத்திக்கொண்டான். அவனைப் பார்த்து மற்ற இளைஞர்களும் குறைந்தார்கள். ஒருவனுக்கு நல்லது நடந்ததா என்று கேட்டால், ஆம் என்பேன். அப்படிச் செய்வதே சரியா என்று கேட்டால், அந்தக் காலியான நாற்காலிகளையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலாமவனை அந்தப் பருவ முடிவுக்குள் ஒரு படி கீழே, ஈ.சி.எச்.எல். அணிக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு மேலே வந்தும் கீழே போயும் கழிந்தது. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. இப்போது ஜெர்மனியின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடுகிறான். அங்கே அவன் முதல் ஜோடித் தடுப்பாட்டக்காரன். எதிரணி ஆள் தண்டனையில் வெளியே இருந்து தங்கள் பக்கம் ஆள் அதிகமாக உள்ள நேரத்தில், எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டிலிருந்து ஆட்டத்தை நடத்துபவனும் அவன்தான். வேலை நிமித்தமாக ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்க்கும்போது அவனுடையதையும் பார்த்துவிடுகிறேன். மூலைக்குப் போகிறான், தலை திரும்புகிறது, கால் நிற்பதில்லை. பக் சுத்தமாக வெளியே வருகிறது.

இதைப் பார்த்து நிம்மதி அடையலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வட அமெரிக்க அரங்கின் அகலம் 85 அடி, ஏறக்குறைய 26 மீட்டர். அவன் ஆடும் அரங்கு ஐரோப்பாவின் பழைய அளவில் 30 மீட்டர். அந்த நான்கு மீட்டரில் மூலை தள்ளிப்போகிறது. துரத்துபவன் வந்துசேர இன்னும் சற்று நேரம் ஆகிறது. படிக்கத் தெரிந்த கண்ணுக்கு அந்த நேரம் போதும். அவனுக்குப் பயம் போய்விட்டதா, அல்லது பயத்துக்கு வேலை வைக்காத அகலத்தில் ஆடுகிறானா என்பதை அந்தக் கிளிப்களிலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. குறுகிய தரையில் மறுபடி ஆடிப்பார்த்தால்தான் தெரியும். அவனை இங்கே அழைக்க நினைக்கும் எந்த அணியும் முதலில் எங்களைப் போன்ற பழைய இடத்தில்தான் விசாரிக்கும்; அங்கே அவன் பெயருக்கு நேராகப் பயிற்சியாளரின் அந்த ஒரு வரியும், அதற்குச் சான்றாக நான் வெட்டிக்கொடுத்த கிளிப்களும் இருக்கின்றன.