சம்பளம் கணக்கில் இல்லை, தையல் காசு உண்டு

மகள் ஐஐடி, என்ஐடி போன்றவற்றில் சேர ஜேஇஇ தேர்வு எழுதியிருந்தாள். கலந்தாய்வுக்கு ஓபிசி (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் கேட்டார்கள், அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டுமாம். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருந்த பிசி சாதிச் சான்றிதழ் அங்கே போதாது. தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் பிசி பிள்ளையிடம் அப்பாவின் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. மத்திய அரசின் கல்வி நிறுவனம் என்று போனால்தான் நாம் பாலா, மேலே படியும் ஆடையா என்று பார்க்கிறார்கள். அந்த ஆடையைத்தான் கிரீமி லேயர் என்கிறார்கள்; அதில் வருகிறவர்களுக்கு ஓபிசி ஒதுக்கீடு கிடையாது.

இ-சேவை மையத்தில் ரேஷன் கார்டு, சாதிச் சான்று, சம்பளச் சான்று எல்லாவற்றையும் ஏற்றி 60 ரூபாய் கட்டினேன். ஐந்தாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. காரணம்: ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மேல்.

நான் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, இப்போது உதவியாளர். சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தொடுகிறது. ஆனால் விதி அப்படி இல்லை. ஓபிசி ஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதையொட்டி 1993 செப்டம்பர் 8-இல் மத்திய அரசு போட்ட ஆணையில், அரசு ஊழியரின் பிள்ளைக்கு முதலில் பார்ப்பது அப்பா அம்மாவின் பதவியைத்தான். வருமான வரம்பு ஒரு லட்சத்தில் தொடங்கி 2017-இல் 8 லட்சமானது. அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. மற்ற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டு வரம்பைத் தாண்டினால்தான் சிக்கல்.

ஆணையை அச்செடுத்துக்கொண்டு வருவாய் ஆய்வாளரைப் பார்க்கப் போனேன். "ஒன்பது லட்சம்னு நீங்களே போட்டிருக்கீங்க, நான் எப்படி சார் பரிந்துரை பண்றது?" என்றார். கெட்டவர் இல்லை, மேஜையில் இருந்த கட்டைப் பார்த்தால் யாருக்கும் படிக்க நேரம் இருக்காது. சம்பளம் பற்றிய வரியை மஞ்சள் மையால் கோடிட்டு நீட்டினேன். இரண்டு முறை படித்தார். "அப்போ வேற வருமானம்?" மனைவி வீட்டில் ரவிக்கை தைக்கிறாள், மாதம் ஆறாயிரம் வரும். அதை எழுதிக்கொண்டார்.

அன்று இரவு முழுக்க மனைவிக்குச் சிரிப்பு. "உங்க ஒன்பது லட்சம் வருமானம் இல்ல, என் எழுபத்திரெண்டாயிரம்தான் வருமானம்!"

எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. என் தம்பி ஓட்டல் நடத்துகிறான். என்னளவு சம்பாதித்தால் அவன் பிள்ளைக்கு இது கிடைக்காது. மைத்துனர் நேரடியாகக் குரூப் ஏ என்கிற உயர் அதிகாரிப் பதவியில் சேர்ந்தவர், அவர் பையனுக்கு வருமானத்தைப் பார்க்கும் பேச்சே இல்லை; பதவியே போதும், ஆடைதான். மூன்று பேரும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுகிறவர்கள்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது விளக்கக் கடிதத்தையும் ஆணையையும் சேர்த்தே ஏற்றினேன். விஏஓ, ஆர்ஐ என்று நகர்ந்து தாசில்தார் கையெழுத்துடன் பன்னிரண்டாம் நாள் வந்தது. கலந்தாய்வுப் பதிவு முடிய இரண்டு நாள் இருந்தது. இதை லேமினேட் செய்யவில்லை. அடுத்த ஆண்டு வேறு எதற்காவது கேட்டால் மறுபடி புதிதாகத்தான் வாங்க வேண்டும்.