கிட்டாரிஸ்ட் வாங்கற முதல் பேஸ்: தனியா கேக்கற சத்தம் வேற, பாட்டுக்குள்ள உக்கார்ற சத்தம் வேற

கிட்டார் வாசிக்கிற ஃப்ரெண்ட்ஸ் பேஸ் கிட்டார் வாங்கலாம்னு முடிவு பண்ணா கேக்கற கேள்வி ஒண்ணு தான், எந்த மாடல் வாங்கலாம்? நானும் கிட்டார்லேர்ந்து பேஸுக்கு வந்த ஆளு தான், அதனால அந்தக் கேள்வி எனக்கு நல்லாவே புரியுது. ஆனா மாடல் பேர் எல்லாம் அப்புறம். கிட்டாரை டெஸ்ட் பண்ற அதே பழக்கத்துல பேஸையும் டெஸ்ட் பண்ணோம்னா நமக்குப் பிடிக்கப் போறது பெரும்பாலும் நமக்குத் தேவையில்லாத பேஸ் தான்.

கிட்டாரிஸ்ட் பேஸைக் கையில எடுத்ததும் என்ன நடக்கும்னு பாருங்க. கை தானா 12வது ஃப்ரெட்டுக்கு (நெக்ல குறுக்க இருக்கற உலோகக் கம்பி தான் ஃப்ரெட்) போகும், ஜி ஸ்ட்ரிங்ல வேகமா ஒரு ரன், ரெண்டு பெண்டு, அப்புறம் ட்ரெபிளைக் கூட்டி வச்சு ஒரு கார்டு மாதிரி ஏதாவது, முடிஞ்சுது, "நெக் செம்ம ஃபாஸ்ட்டா இருக்கு"ன்னு சொல்லி வாங்கிடுவோம். ஆனா ஒரு பேஸிஸ்ட் பாதிக்கு மேல நேரம் இருக்கறது முதல் 7 ஃப்ரெட்டுக்குள்ள, அதுலயும் ஈ, ஏ ஸ்ட்ரிங்ல. அங்க அந்த பேஸ் எப்படிப் பேசுது, ஒரு நோட்டை நாலு பீட் பிடிச்சு வச்சா கடைசி வரைக்கும் நிக்குதா, விட்ட உடனே சத்தம் சுத்தமா நிக்குதா, இதைத் தான் முதல்ல பாக்கணும். சோலோவா கேக்கும்போது பளபளன்னு அழகா இருக்கற டோன் நிறைய, ட்ரம்ஸும் ரெண்டு கிட்டாரும் வந்தா காணாமப் போயிடும். தனியா கேட்டா "என்னடா இது மந்தமா இருக்கு"ன்னு தோணுற டோன் பாட்டுக்குள்ள போனதும் அப்படியே நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துக்கும்.

இதுக்கு நல்ல உதாரணம் ஃபெண்டர் கம்பெனியோட ப்ரெசிஷன் பேஸ் தான். லியோ ஃபெண்டர் 1951ல கொண்டு வந்த டிசைன், 1957ல அந்த ரெண்டா பிரிஞ்ச பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிச்சு ஆம்ப்புக்கு அனுப்பற பாகம்) வந்துது, ஒரு பாதி ஈ, ஏ ஸ்ட்ரிங்குக்கு, இன்னொரு பாதி டி, ஜி ஸ்ட்ரிங்குக்கு, ரெண்டும் சேர்ந்து ஹம்மை, அதாவது கரண்ட்டால வர்ற இரைச்சலை, கேன்சல் பண்ணிடும். அதுக்கப்புறம் அந்த அடிப்படை பெருசா மாறவே இல்ல. ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவு தான். கிட்டாரிஸ்ட் கண்ணுக்கு இது ரொம்ப ஏழை மாதிரி தெரியும், ஏன்னா நமக்கு 5 வே ஸ்விட்ச், காயில் ஸ்ப்ளிட், அது இதுன்னு பழகிப் போச்சு. ஆனா இந்த பிக்கப்போட பலமே லோ மிட் தான், கிக் ட்ரம்முக்கு மேல, கிட்டாருக்குக் கீழ ஒரு இடைவெளி இருக்கு பாருங்க, அந்த இடத்துல தான் இது நிக்கும். அமெரிக்க சோல் இசை கம்பெனி மோட்டவுனோட ரெக்கார்டிங்ஸ்ல ஜேம்ஸ் ஜேமர்சன் 1962 ப்ரெசிஷன்ல, ஃப்ளாட்வவுண்ட் (மேல் பக்கம் வழவழன்னு இருக்கற) ஸ்ட்ரிங் போட்டு, வலது கை ஆள்காட்டி விரல் ஒண்ணை மட்டும் வச்சு வாசிச்சதைக் கேட்டுப் பாருங்க, இந்த ரெண்டு குமிழ் வச்ச மரத்துக்குள்ள எவ்வளவு இருக்குன்னு புரியும்.

1960ல வந்த ஜாஸ் பேஸ் வேற குணம். நட் கிட்ட, அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம் ஸ்ட்ரிங் தாண்டி வர்ற இடத்துல, நெக் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர் தான், ப்ரெசிஷன்ல பொதுவா 41லேர்ந்து 44 வரைக்கும் இருக்கும், அதனால கிட்டார்லேர்ந்து வர்றவங்களுக்கு ஜாஸ் பேஸ் உடனே வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். ரெண்டு சிங்கிள் காயில், ரெண்டு வால்யூம், ஒரு டோன். ரெண்டு வால்யூமையும் முழுசா திறந்தா ஹம் போயிடும், கூடவே நடு ஃப்ரீக்வன்ஸி கொஞ்சம் குழிஞ்சு சத்தம் க்ளீனா இருக்கும், ஸ்லாப்புக்கு (கட்டை விரலால ஸ்ட்ரிங்கை அடிச்சு வாசிக்கறது) அருமை. பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் வச்சா மூக்கால பேசற மாதிரி ஒரு கூர்மை வரும், ஜாக்கோ பாஸ்டோரியஸ்ங்கற பேஸிஸ்ட் அந்தப் பக்கத்தை ஃப்ரெட்லெஸ்ல (ஃப்ரெட்டே இல்லாத பேஸ்) எங்கேயோ கொண்டு போனாரு. ஆனா ஒரு பிக்கப்பைக் குறைச்ச உடனே ஹம் திரும்பி வரும், அது ரிப்பேர் இல்ல, அந்த டிசைனே அப்படித் தான். இந்த ரெண்டுல முடிவு பண்ண முடியலன்னா ரெண்டு மாடலோட பிக்கப்பும் கலந்து வர்ற பீஜே டைப் எல்லா பட்ஜெட்லயும் கிடைக்குது, நல்ல வழி தான், ஆனா அங்கயும் ப்ரெசிஷன் பிக்கப்பை மட்டும் தனியா வச்சு வாசிச்சுப் பாத்து அது பிடிச்சா எடுங்க.

இப்ப ஸ்கேல் லெங்த், அதாவது நட்லேர்ந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற நீளம், இது தான் கிட்டாரிஸ்ட்டை உண்மையிலேயே பயமுறுத்தற விஷயம். சாதாரண பேஸ் 34 இன்ச், ஸ்ட்ராட் மாதிரி கிட்டார் 25.5 இன்ச். கேக்கும்போது பெருசா தெரியாது, கைக்குத் தெரியும். கிட்டார்ல நட்டுக்கும் முதல் ஃப்ரெட்டுக்கும் நடுவுல சுமார் 36 மில்லிமீட்டர், 34 இன்ச் பேஸ்ல அது 48 மில்லிமீட்டர். முதல் ஃப்ரெட்லேர்ந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் கிட்டார்ல 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, பேஸ்ல 13 சென்டிமீட்டர். அதனால கிட்டார்ல மாதிரி ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்னு கீழ வாசிச்சா மணிக்கட்டு ரெண்டே நாள்ல கெஞ்ச ஆரம்பிச்சுடும். டபுள் பேஸ் ஆளுங்க ரொம்ப காலமா பண்ற வழி ஒண்ணு இருக்கு, ஆள்காட்டி, நடு விரல், சுண்டு விரல்னு வச்சு மூணு ஃப்ரெட்டை மட்டும் கவர் பண்றது, மோதிர விரல் சுண்டு விரலுக்குத் துணை, நாலாவது ஃப்ரெட் வேணும்னா கையை நகத்திக்கறது. மேல போகப் போக இந்தப் பிரச்சனை தானா குறையும், பேஸ்ல 6வது ஃப்ரெட்டோட அகலம் கிட்டாரோட முதல் ஃப்ரெட் அகலம் தான், அங்கேர்ந்து உங்க பழைய விரல் பழக்கமே போதும். "எனக்கு கை சின்னது"ன்னு 34 இன்ச்சை ஒதுக்கறதுக்கு முன்னாடி இந்த மூணு விரல் முறையில பத்து நிமிஷம் வாசிச்சுப் பாருங்க, பாதி பேருக்கு பிரச்சனை கையில இல்ல, கை வச்ச விதத்துல தான்.

அப்படியும் கஷ்டமா இருந்தா ஷார்ட் ஸ்கேல் எடுங்க, அதுல குறைச்சல் எதுவும் இல்ல. இது பசங்க வாசிக்கறதுன்னு ஒரு பேச்சு இருக்கு, எனக்கு அந்தப் பேச்சு சுத்தமா பிடிக்காது. பால் மெக்கார்ட்னியோட ஹாஃப்னர் வயலின் பேஸ் 30 இன்ச், கிப்ஸன் ஈபி வரிசை 30.5 இன்ச், ஃபெண்டர் முஸ்டாங் 30 இன்ச், இதுல வந்த ரெக்கார்டிங்ஸைக் கேட்டவங்க யாரும் சின்ன பேஸ்னு சொல்ல மாட்டாங்க. ஸ்ட்ரிங் கொஞ்சம் தொளதொளன்னு இருக்கும், சத்தம் உருண்டையா, கொஞ்சம் மங்கலா இருக்கும், அது பிடிக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க. ட்யூனிங்கை ரொம்பக் கீழ இறக்கி வாசிக்கிற ஆளுன்னா மட்டும் ஷார்ட் ஸ்கேல் வேண்டாம், ஈ ஸ்ட்ரிங் ஆட ஆரம்பிச்சுடும்.

அஞ்சு ஸ்ட்ரிங் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா மெட்டல் பக்கம் ஏழு ஸ்ட்ரிங் கிட்டார் வாசிக்கிறவங்க நேரா அங்க தான் போறாங்க. உங்க பேண்டோட பாட்டு எல்லாம் ஈ ஸ்ட்ரிங்குக்கும் கீழ போகுதுன்னா எடுத்துக்கங்க, நியாயம் இருக்கு. மத்தபடி முதல் பேஸுக்கு நாலு ஸ்ட்ரிங் தான் என் கட்சி. பேஸ்ல ஸ்ட்ரிங்கை வாசிக்கறது பாதி வேலை தான், வாசிக்காத ஸ்ட்ரிங்கை அமுக்கி வைக்கறது மீதி வேலை. தடியான ஸ்ட்ரிங், ஓப்பனா இருந்தா பக்கத்து நோட்டுக்கு தானா அதிர ஆரம்பிக்கும், ஆம்ப்ல ஒரு புகை மாதிரி பரவும். ஜி ஸ்ட்ரிங் வாசிக்கும்போது வலது கை கட்டை விரல் ஏ ஸ்ட்ரிங் மேல நகர்ந்து வந்து ஈ, ஏ ரெண்டையும் மூடணும், இடது கை மிச்ச விரல் மத்ததை லேசா தொட்டுக்கிட்டே இருக்கணும். கிட்டார்ல பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால ஸ்ட்ரிங்கை அமுக்கறது) பழகின கைக்கு இது புதுசு. இதைக் கத்துக்கற நேரத்துல 31 ஹெர்ட்ஸ்ல உறுமற லோ பி ஸ்ட்ரிங் ஒண்ணு கூடுதலா எதுக்கு? டி வரைக்கும் போகணும்னா நாலு ஸ்ட்ரிங்லயே ஈயை இறக்கிக்கலாம்.

ஆக்டிவா பேஸிவான்னு இன்னொரு குழப்பம். ஆக்டிவ்னா உள்ள ஒரு ப்ரீஆம்ப், 9 வோல்ட் பேட்டரி, கீழ் சத்தம், மேல் சத்தம் ரெண்டையும் கூட்டவும் முடியும் குறைக்கவும் முடியும், பேஸிவ்னா இது எதுவும் இல்லாதது, 1976ல வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே இந்த வழியைப் பிரபலமாக்கின பேஸ். நல்ல விஷயம் தான், ஆனா பெரும்பாலான ஆக்டிவ் பேஸ்ல கேபிளைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பிச்சுடும், வாசிச்சு முடிச்சதும் கழட்டணும், பேட்டரி தீர்ற நேரத்துல சத்தம் கரகரன்னு உடையும். அதை விட எனக்கு முக்கியமாப் படறது வேற: ஆரம்பத்துல குமிழைத் திருப்பி டோன் தேடறோம், ஆனா பேஸ்ல டோன் விரல் எங்க பறிக்குதுங்கறதுல இருக்கு, பிரிட்ஜ் பக்கம் பறிச்சா இறுக்கமா, நெக் பக்கம் பறிச்சா பஞ்சு மாதிரி. பேஸிவ் பேஸ்ல வேற வழி இல்லாம இதைக் கத்துக்குவோம்.

சரி, கடைக்குப் போய் என்ன செய்யணும். உக்காந்து மட்டும் வாசிக்காதீங்க, ஸ்ட்ராப் போட்டு நில்லுங்க, கையை எடுங்க. ஹெட்ஸ்டாக் தரையைப் பாத்து சாய்ஞ்சா அந்த பேஸை ஒவ்வொரு பிராக்டீஸ்லயும் இடது கையால தூக்கிக்கிட்டே வாசிக்கப் போறீங்க, அகலமான ஸ்ட்ராப் கொஞ்சம் உதவும், முழுசா தீராது. பேஸ்னா 4 கிலோ பக்கம் சாதாரணமா இருக்கும், தோளுக்குத் தெரியும். அடுத்தது ஜி ஸ்ட்ரிங்ல 4லேர்ந்து 8வது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொரு நோட்டா அடிச்சு நிக்க விடுங்க. போல்ட் ஆன் நெக் பேஸ்ல பலதுல அந்த ஏரியாவுல ஏதோ ஒரு நோட்டு சட்டுனு செத்துப் போகும், அதுக்கு டெட் ஸ்பாட்னு பேரு, நெக்கே அந்த நோட்டோட சக்தியை உறிஞ்சுக்குது. கொஞ்சமா இருந்தா பரவால்ல, ரொம்ப மோசமா இருந்தா அதே மாடல்ல வேற பீஸ் கேளுங்க, ஒரே மாடல் ரெண்டு பீஸ் ஒரே மாதிரி இருக்காது. லேசா ஃப்ரெட் பஸ் (ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுல உரசற சத்தம்) கேட்டா பதறாதீங்க, ஆம்ப்ல அது வருதான்னு பாருங்க, வரலன்னா விட்ருங்க. டெஸ்ட் பண்ணும்போது பிக்கப் எல்லாத்தையும் திறந்து ஈக்யூவை நடுவுல வையுங்க, முடிஞ்சா போன்ல ஒரு ட்ரம் லூப் போட்டு அதுக்கு மேல ரெண்டே நோட்ல ஒரு க்ரூவ் வாசிங்க, இதுல தெரியறது அரை மணி நேர சோலோவுல தெரியாது.

பிராண்டு பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம். ஸ்க்வையர், யமஹா டிஆர்பிஎக்ஸ், ஐபனேஸ் ஜிஎஸ்ஆர், சைர் இப்படி ஆரம்ப ரேஞ்ச்லயே இன்னைக்கு நல்ல பேஸ் வருது. கையில இருக்கற காசு முழுசையும் பேஸ்லயே போட்டுடாம கொஞ்சம் மிச்சம் வச்சு நல்ல டெக்னீஷியன்கிட்ட செட்டப் பண்ணுங்க, ட்ரஸ் ராட் (நெக் வளைவைச் சரி பண்ற கம்பி), ஆக்ஷன் (ஸ்ட்ரிங் உயரம்), இன்டோனேஷன் (நெக் முழுக்க சுதி சரியா இருக்கறது) மூணும். 12வது ஃப்ரெட்ல ஈ ஸ்ட்ரிங் உயரம் 2லேர்ந்து 2.5 மில்லிமீட்டர் கிட்ட வந்தாலே "கஷ்டமான பேஸ்"னு நெனச்சது சுலபமான பேஸ் ஆயிடும். மிச்சம் வச்ச காசுல இன்னொரு பங்கு சத்தத்துக்குப் போகணும். வீட்ல இருக்கற கிட்டார் ஆம்ப்ல மெதுவா வாசிக்கலாம், ஒண்ணும் ஆகாது, ஆனா வால்யூமைக் கூட்டினா ஸ்பீக்கர் கோன் அந்தக் கீழ் ஃப்ரீக்வன்ஸியைத் தாங்காது. பேஸ் ஈ ஸ்ட்ரிங் 41 ஹெர்ட்ஸ், கிட்டார் ஈ 82, சரியா பாதி. லேப்டாப் ஸ்பீக்கர்ல அந்த 41 வரவே வராது, அதுல கேட்டு எந்த பேஸையும் நல்லது கெட்டதுன்னு சொல்லாதீங்க. பேண்டு இல்லாம வீட்ல மட்டும் வாசிக்கிறவங்களுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸும் நல்ல ஹெட்ஃபோனும் சின்ன பேஸ் ஆம்பை விட உருப்படியான செலவு.

விரலுக்குப் பதிலா பிக் (ஸ்ட்ரிங்கைத் தட்டற சின்ன ப்ளாஸ்டிக் துண்டு) வச்சு வாசிக்கலாமான்னும் கேப்பாங்க. தாராளமா. கேரல் கே ஸ்டுடியோ கிட்டாரிஸ்ட்டா இருந்தவங்க, 1963ல பேஸிஸ்ட் வராத ஒரு செஷன்ல பேஸை எடுத்து, அதுக்கப்புறம் பிக் வச்சே எத்தனையோ ரெக்கார்டிங்ஸ் வாசிச்சுட்டாங்க. விரலும் பழகிக்கங்க, ஆனா பிக்கைக் கீழ வச்சா தான் பேஸிஸ்ட்னு யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. பிக்ல தான் பெரும்பாலும் வாசிக்கப் போறீங்கன்னா கடையிலயும் பிக்லயே டெஸ்ட் பண்ணுங்க, ஏன்னா விரலுக்கு இனிமையா இருக்கற சில ஜாஸ் பேஸ் பிக்ல கொஞ்சம் காதைக் குத்தும், ப்ரெசிஷன் பெரும்பாலும் ரெண்டுக்கும் ஒத்துப் போகும். கூடவே எக்ஸ்ட்ரா ஸ்ட்ரிங் செட் வாங்கினா ஸ்கேல் பாத்து வாங்குங்க, 34 இன்ச் பேஸுக்கு 45லேர்ந்து 105 கேஜ் (ஸ்ட்ரிங்கோட தடிமன்) ரவுண்ட்வவுண்ட், அதாவது மேல சொரசொரன்னு இருக்கற சாதாரண ஸ்ட்ரிங் போதும், ஷார்ட் ஸ்கேலுக்கு ஷார்ட் ஸ்கேல் ஸ்ட்ரிங் தான், நீளமான ஸ்ட்ரிங்கை வெட்டிப் போட்டா தடியான பாகம் ட்யூனர் தண்டுல சுத்தி அங்கயே விட்டுப் போகும்.