பூட்டிய பேக்கெட்டும் காட்டிக்கொடுக்கும்

சென்சார் நெட்வொர்க் அமைக்கும் இடங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு: "ஏஇஎஸ்-128 போட்டாச்சு, இனி பயமில்லை." அந்த என்க்ரிப்ஷன் பூட்டைப் போட்டது நல்லதுதான். ஆனால் காற்றில் போகும் பேக்கெட்டை (சேதித் துண்டை) ஒட்டுக்கேட்கும் ஒரு சிசி2531 டாங்கிளை லேப்டாப்பில் செருகி, அதைப் பிரித்துக்காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பாருங்கள். சேதி தெரியாது, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எத்தனை பைட், எந்த நொடியில் என்பது அத்தனையும் தெரியும். இந்த நெட்வொர்க்குகளின் ரேடியோ தரமான 802.15.4-இல் பூட்டு உள்ளடக்கத்துக்குத்தான், முகவரி இருக்கும் தலைப்பு திறந்தே போகும்.

எதை மறைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். காட்டில் பாண்டாவைக் கண்காணிக்கும் நெட்வொர்க் என்றால் மறைக்க வேண்டியது சேதி கிளம்பும் இடம். வேட்டைக்காரன் ஆன்டெனாவோடு, சேதி ஒரு நோடிலிருந்து (சென்சார் கருவி) அடுத்ததற்குத் தாவிய ஒவ்வொரு ஹாப்பாகப் பின்னோக்கி நடந்தாலே பாண்டாவிடம் போய்ச் சேர்ந்துவிடுவான். அதற்குத்தான் பேக்கெட்டை முதலில் சில ஹாப் கண்டபடி அலையவிட்டு, பிறகு எல்லாச் சேதியையும் வாங்கும் பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புவது. வெறுமனே அலையவிட்டால் முன்னும் பின்னுமாகப் போய்க் கிளம்பிய இடத்தருகிலேயே நிற்கும். முதல் ஹாப்பில் ஒரு திசையைத் தேர்ந்து அதிலேயே நடக்கவிட வேண்டும்.

பேஸ் ஸ்டேஷனை மறைப்பது இன்னும் கடினம். எல்லார் சேதியும் அங்கேதான் குவிகிறது, பக்கத்து நோடுகளின் பேக்கெட்டை எண்ணினாலே போதும். பாதை வகுக்கும் ஆர்பிஎல் நெறிமுறை ஓடுகிற இடத்தில், அதன் டிஐஓ என்ற பாதை அறிவிப்புச் சேதிகளைப் பூட்டாமல் விட்டால் எண்ணவும் வேண்டாம்: யார் வேருக்கு (பேஸ் ஸ்டேஷனுக்கு) அருகில் என்பதை அதிலுள்ள ரேங்க் எண்ணே சொல்லிவிடும். அதனால் கட்டுப்பாட்டுச் சேதிகளுக்கும் லிங்க் அளவில் பூட்டுப் போடுங்கள். எல்லாப் பேக்கெட்டும் ஒரே நீளம் இருக்கட்டும், ஒவ்வொரு ஹாப்பிலும் புதிதாக என்க்ரிப்ட் ஆகட்டும்.

அடுத்தது போலிப் பேக்கெட்: நிஜச் சேதி எப்போது போகிறது என்று தெரியாமலிருக்க, சேதி இல்லாதபோதும் சீரான இடைவெளியில் அனுப்பும் வெற்றுப் பேக்கெட். கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான். 250 கேபிபிஎஸ் வேகத்தில் 133 பைட் போக 4.3 மில்லி நொடி. சிசி2420 ரேடியோ அனுப்பும்போது 17.4 மில்லிஆம்ப் இழுக்கும். 10 நொடிக்கு ஒன்று என்றால் நாளுக்கு 0.18 மில்லிஆம்ப்-அவர்தான், ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் அக்கம்பக்கத்து ரேடியோக்கள் அரை நொடிக்கு ஒருமுறைதான் விழிக்கின்றன என்றால், எல்லாருக்கும் பொதுவாக, பிராட்காஸ்டாகப் போகும் போலி அந்த அரை நொடி முழுக்கத் திரும்பத் திரும்ப ஒலிக்க வேண்டும். அப்போது நாளுக்கு ஏறக்குறைய 21 மில்லிஆம்ப்-அவர். 2500 மில்லிஆம்ப்-அவர் ஏஏ பேட்டரி 120 நாளில் காலி. உண்மையான வேலைக்கான செலவை இதில் சேர்க்கவே இல்லை!

செலவழித்தும் பலன் கிடைக்காமல் போவது அதைவிட வருத்தம். நிஜச் சேதி வந்தவுடன் நேரம் தவறி அனுப்பினால் சீரான தாளம் உடைந்து, அதுவே அடையாளமாகிவிடும். நிஜமும் போலியின் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். 10 நொடி இடைவெளியில் ஒரு ஹாப்புக்குச் சராசரி 5 நொடிக் காத்திருப்பு, 8 ஹாப் தாண்ட சராசரியாக 40 நொடி ஆகும். மண் ஈரத்துக்குச் சரி, தீ எச்சரிக்கைக்கு ஆகாது. இதை நெட்வொர்க் கேட்டவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முடித்ததும் அதே டாங்கிளால் இரண்டு பதிவு எடுங்கள்: சென்சாரைத் தூண்டி ஒன்று, தூண்டாமல் ஒன்று. எது எது என்று சொல்லாமல் உடன் வேலை செய்பவரிடம் கொடுங்கள், இதைச் சில தடவை செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் சரியாகப் பிரித்துவிட்டால், அனுப்பும் நேரத்தை முடிவுசெய்யும் டைமர் புரோகிராமை மறுபடி திறங்கள்.