57 விநாடி ஸ்டேஷன் மேல் விழுந்த பழி

எங்கள் அசெம்ப்ளி லைனில் ஒன்பது ஸ்டேஷன்கள். ஒரு ஷிஃப்டில் வேலை நேரம் 450 நிமிடம், வேண்டியது 450 பீஸ். ஆக டாக்ட் டைம், அதாவது ஒரு பீஸுக்குக் கிடைக்கும் நேரம், சரியாக 60 விநாடி. எந்த ஸ்டேஷனின் சராசரியும் அதைத் தாண்டவில்லை. இருப்பதிலேயே மெதுவானது ஏழாவது, ஸ்க்ரூ முடுக்கும் இடம், 57 விநாடி. காகிதத்தில் எல்லாம் சரி. லைனிலிருந்து வெளியே வந்ததோ 390 சொச்சம்தான்.

ஏழாவதுக்கு ஒரு தானியங்கி ஸ்க்ரூ மெஷின் வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் கிட்டத்தட்ட முடிவே ஆகிவிட்டது. வாங்கும் முன் லைனையே கம்ப்யூட்டரில் மாடலாக ஓட்டிப் பார்க்கலாமே என்று வாயைக் கொடுத்தது நான்தான். அதுவரை நான் சிமுலேஷன் பக்கம் போனதே இல்லை.

பைதானில் எழுத உதவும் சிம்பை என்ற இலவச நூலகத்தை எடுத்துக்கொண்டேன். பீஸ் வந்தது, வேலை தொடங்கியது, முடிந்தது, அடுத்த இடம் நிரம்பியிருப்பதால் நிற்கிறது என்று நிகழ்வுக்கு நிகழ்வு கடிகாரம் தாவும். நடுவே உள்ள நேரத்தைக் கணினி கண்டுகொள்ளாது. அதனால் ஒரு முழு ஷிஃப்ட் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கோட் எழுத ஒரு வாரம். எண்களைத் திரட்டத்தான் ஒன்றரை மாதம் ஆனது.

ஸ்டாப்வாட்சோடு போய் நின்றால் எல்லோருக்கும் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. முதல் நாள் எடுத்த அளவுகளை அப்படியே தூக்கிப் போட்டேன். நான்கைந்து நாள் சும்மா போய் நின்று பழகிய பிறகுதான் நம்பக்கூடிய நேரங்கள் கிடைத்தன. சராசரியை மட்டும் கொடுத்தால் மாடல் பொய் சொல்லும். 40 விநாடியும் 75 விநாடியும் எத்தனை தடவை வருகின்றன என்ற பரவலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் 440 பீஸ். அதைவிட விசித்திரம், ஒரு பீஸ் லைனைக் கடக்க 26 நிமிடம் என்றது. லைனில் இருப்பது சராசரியாக 18 பீஸ், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று வெளியேறுகிறது. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதிப்படி, உள்ளே இருப்பதை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் 18 நிமிடச் சொச்சம்தான் வர வேண்டும். லைனுக்கு வெளியே காத்திருந்த நேரத்தையும் என் கோட் கூட்டியிருந்தது. திருத்தினேன். 440 மட்டும் அசையவில்லை. நிஜத்தைவிட 50 பீஸ் அதிகம்.

அந்த 50-ஐத் தேடித்தான் லாக் புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால்தான் அதில் எழுதுவார்களாம். மறுநாள் முழுக்க ஐந்தாவது ஸ்டேஷனில், கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்ட் பெஞ்ச் அருகே நின்றேன். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று பத்து தடவை நின்றது. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது பிரேக்டவுன் இல்ல சார், சீலை ஒரு துடை துடைச்சா போயிடும்" என்றார் ஆபரேட்டர். தவிர, எட்டில் ஒரு பீஸை மறுபடி டெஸ்ட் செய்கிறார்கள். 48 விநாடி வேலை அப்போது 96 ஆகிறது. சராசரி 54 தான், ஏழாவதைவிடக் குறைவு! அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

இதைச் சேர்த்ததும் மாடல் 394-க்கு இறங்கியது. காலி லைனில் தொடங்குவதால் முதல் ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல், வெவ்வேறு தற்செயல் எண்களோடு 30 தடவை ஓட்டினேன், பெரிதாக விலகவில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இரண்டு பீஸ் வைக்கத்தான் இடம். பெஞ்ச் மூன்று நிமிடம் நின்றால் அதற்கு அடுத்த ஸ்டேஷன்களில் உள்ளவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அப்புறம் பெஞ்ச் ஓடத் தொடங்கினாலும் இழந்த நேரத்தை ஏழாவதால் பிடிக்க முடியாது.

புது ஸ்க்ரூ மெஷினை மாடலில் வைத்துப் பார்த்தேன். கூடுதலாகக் கிடைத்தது ஏழு பீஸ். மெஷினே இல்லாமல் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே உள்ள இடத்தை இரண்டு பீஸிலிருந்து எட்டாக்கினால் 418. பன்னிரண்டாக்கினால் 421, இடம்தான் வீண். எட்டோடு நிறுத்தி, சீலை ஷிஃப்டுக்கு ஒரு தடவை மாற்றி, மறு டெஸ்ட் பாதியாகக் குறையும் என்று வைத்துக்கொண்டால் 436.

கூட்டத்தில் இதைக் காட்டியபோது, கம்ப்யூட்டர் சொல்வதை எப்படி நம்புவது என்றார் சூப்பர்வைசர். நியாயமான கேள்வி. முதல் மாடல் 440 சொன்னதையும், அது ஏன் தப்பு என்பதையும் சேர்த்தே காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர் இறங்கிவந்தார்.

எட்டு பீஸ் கொள்ளும் ரோலர் ரேக் ஒன்றைப் போட்டோம், சீல் மாற்றுவதை அட்டவணையில் சேர்த்தோம். இப்போது 425-ஐ ஒட்டி வருகிறது. மாடல் சொன்ன 436 இல்லை. ஸ்க்ரூ ட்ரே கொண்டுவரும் வண்டி தாமதமாவதை நான் மாடலில் வைக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நாளை முதல் ஸ்டாப்வாட்சோடு அந்த வண்டிக்குப் பின்னால் நடக்கப்போகிறேன்.